சவரிமுத்து சார் கேட்ட ஒரு பீரியடு

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்துக்குப் புதிதாக ஓடு பதித்திருக்கிறார்கள். எனக்குப் பிறகு அங்கே முதுநிலை வேதியியல் ஆசிரியராக இருக்கும் கவிதா டீச்சர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், செவுத்துல மாட்டுறதுக்கு சேஃப்டி ரூல்ஸ் பத்து வேணும். நெட்ல எடுத்தா எல்லா ஸ்கூல் மாதிரியேதான் இருக்கும். நீங்க எழுதிக் குடுங்களேன்."

ஒன்பது விதிகளை அன்று மாலையே எழுதிவிட்டேன். அவை எல்லாப் புத்தகத்திலும் இருப்பவைதான். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே. சோதனைக் குழாயின் வாயை யாருடைய முகத்துக்கும் நேராகப் பிடிக்காதே. மூக்கைக் குழாய்க்குக் கொண்டுபோகாதே, கையால் விசிறி வாசனையை மூக்குக்குக் கொண்டுவா. பெயர்ச் சீட்டு இல்லாத பாட்டிலைத் தொடாதே. இப்படி ஒன்பது. பத்தாவதை எழுத உட்கார்ந்தபோது அது பலகைக்குள் அடங்கவில்லை. பள்ளி ஆண்டு மலரில் இடம் தருவதாக டீச்சர் சொன்னார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பழனிக்காரன். பி.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்துவிட்டு, கொடைக்கானலில் வேலை கிடைத்ததும் ஒரு பெட்டியும் ஒரு கம்பளியுமாக மலை ஏறினேன். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் ஆசிரியர் என்று பெயர். பாதி நாள் மேல்நிலை வேதியியல் ஆய்வகத்தில் உதவிக்கு நிற்க வேண்டும். அந்த ஆய்வகம் சவரிமுத்து சாருடையது. கட்டடம் பள்ளியினுடையது என்பதை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம்.

சார் அடிவாரத்து அய்யம்பாளையத்துக்காரர். மெலிந்த உடம்பு, காதை மூடிய மஃப்ளர். மலையில் இத்தனை வருடம் இருந்தும் குளிர் அவருக்குப் பழகவே இல்லை. ஆனால் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அவர் செய்யும் முதல் வேலை சன்னல்கள் எல்லாவற்றையும் திறப்பது. கொடைக்கானலில் ஜனவரி மாதம் சன்னலைத் திறக்கச் சொல்வது சொத்தை எழுதிக் கேட்பது மாதிரி. மூடுபனி உள்ளே வந்து வடிதாள் எல்லாம் நமுத்துப் போகும். பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"குளுருதா? குளுரட்டும். குளுரு வெளிய போகச் சொன்னாப் போயிரும். குளோரின் போகாது."

அடுத்தது சால்வை. மேல்மலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் நவம்பர் முதல் மார்ச் வரை சால்வைக்குள்தான் வாழ்வார்கள். சால்வை முனை தொங்கினால் பர்னரில் பிடித்துக்கொள்ளும். அதனால் வாசலில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். சால்வை ஆணிக்குப் போன பிறகுதான் பிள்ளை உள்ளே வரலாம். கண்ணாடி விஷயத்தில் மட்டும் அவர் தோற்றுப்போனார். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிய மறுநிமிடம் மூச்சுக்காற்றின் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய்ப் பிள்ளைகள் கழற்றிவிடுவார்கள். சமவெளியில் அச்சடித்த விதிப் புத்தகத்தில் அதற்கு வழி சொல்லியிருக்கவில்லை.

அவருடைய குணத்தைச் சொல்ல ஒரு நிகழ்ச்சி போதும். நான் சேர்ந்த முதல் ஆண்டு, பத்தாம் வகுப்புக்குத் தண்ணீரின் கொதிநிலையைக் காட்டிக்கொண்டிருந்தேன். தெர்மாமீட்டர் தொண்ணூற்று மூன்றிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பாதரசம் ஏற மறுக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் நூறு என்று எழுதிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். பின்னால் நின்றிருந்த சார் ஒரு பையனின் நோட்டை எடுத்துப் பார்த்தார்.

"ஏலே, இதுல நூறுன்னு யாரு சொன்னது?"

"புக்குல போட்டிருக்கு சார்."

"புக்கு எழுதுனவரு மெட்ராஸ்ல உக்காந்து கொதிக்க வச்சிருப்பாரு. நீ எங்க கொதிக்க வச்ச? இங்க மேல காத்தோட அழுத்தம் கம்மி. தண்ணிக்கு வெரசா வெளிய போக வழி கெடச்சிருது. தெர்மாமீட்டர் சொல்றத எழுது. உன் ஊருக்குன்னு ஒரு கணக்கு இருக்குல்ல?"

அன்று வகுப்பு முடிந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மலையில படிக்கிற புள்ளைக்கு மலையோட கெமிஸ்ட்ரி தெரியணும் தம்பி. அது தெரியாமப் போச்சுன்னா புத்தகம் படிச்சும் புண்ணியமில்ல."

இதைச் சொன்னவருக்குத்தான் அது நடந்தது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் மனது ஆறவில்லை.

அசிட்டிக் அமிலத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வினிகரின் புளிப்பு அதனால்தான். வினிகரில் அது கொஞ்சம், மீதி தண்ணீர். தண்ணீர் கலக்காத தூய அமிலத்துக்குக் கிளேசியல் அசிட்டிக் அமிலம் என்று பெயர். அது ஏறத்தாழப் பதினேழு டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மதுரையில் படிக்கும் மாணவன் அதை வாழ்நாளில் திரவமாகத்தான் பார்ப்பான். எங்கள் ஆய்வகத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பாட்டிலுக்குள் கற்கண்டுப் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும்.

சார் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வெள்ளனே, பிள்ளைகள் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்பதற்கு முன்பே ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். அடுப்பு எதையும் பற்றவைக்க மாட்டார். அமிலத்தின் ஆவி தீப்பிடிக்கக் கூடியது. முதலில் பாட்டிலின் கண்ணாடி மூடியைத் திருகித் தளர்த்துவார். பிறகு ஒரு ஆழமான பாத்திரத்தில், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, அதில் பாட்டிலைக் கழுத்துவரை இறக்கி வைப்பார். அப்போதுதான் எல்லாப் பக்கமும் ஒரே சீராக உருகும். தண்ணீர் ஆறினால் மாற்றுவார். உருகி முடிந்ததும் துடைத்து, மூடியைச் சரிசெய்து, அலமாரியில் அதன் இடத்தில் வைப்பார். பிள்ளைகள் வரும்போது அது எப்போதும் போல ஒரு பாட்டில் தெளிவான திரவம். அது உறையும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை. நான் தேதி குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன். உறைபனி விழுந்த காலைகளைக்கூட எழுதி வைப்பேன். அன்றைக்குப் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு முதல் இரண்டு பீரியடும் செய்முறை. அடுத்த மாதம் பொதுத்தேர்வின் செய்முறை என்பதால் பிள்ளைகள் பதற்றத்தில் இருந்தார்கள். விடுமுறைக்கு அய்யம்பாளையம் போயிருந்த சார் இன்னும் வந்து சேரவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து பேருந்துகள் நிற்பதாகக் கீழிருந்து செய்தி வந்தது.

உதவியாளர் மாசாணம் ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். நான் ஒரு மூலையில் பியூரெட்டுகளுக்குக் கரைசல் நிரப்பிக்கொண்டிருந்தேன். மற்ற மூலையில் கோகிலா என்ற மாணவி தன் மேசைக்கு வேண்டிய பாட்டில்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மேல்மலையில் பூண்டு போடும் குடும்பத்துப் பெண். வகுப்பிலேயே கை சுத்தமான பிள்ளை அவள்தான். ஒரு சொட்டு சிந்தமாட்டாள்.

"ஏய், இங்க பாருடி, ஆசிட்டு கட்டியாயிருச்சு!" என்று அவள் தோழியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"கெட்டுப்போச்சோ என்னமோ."

"கெடல. தேங்காண்ணெ மாதிரிதான், குளுருக்கு உறைஞ்சிருக்கு. எங்கம்மா அடுப்போரமா வச்சு எடுக்கும். செத்த நேரத்துல உருகிரும்."

நான் சிரித்ததுகூட நினைவிருக்கிறது. தேங்காய் எண்ணெய் பற்றிப் பேசுகிறார்கள் என்று மட்டும் மனதில் பதிந்தது. இந்த ஊரில் குளிர்காலம் முழுக்க எல்லா வீட்டிலும் நடக்கிற பேச்சு அது. எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைக்காத வீடு கிடையாது.

கோகிலா பாட்டிலை அப்படியே, மூடி இறுக்கமாக இருக்க, எரிகிற பர்னருக்குப் பக்கத்தில் சூடேறியிருந்த மணல் தட்டில் வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து உருகிவிட்டதா என்று பார்க்கக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்திருக்கிறாள்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. சோடா பாட்டில் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு அலறல். அறை முழுக்க வினிகர் நெடி. மூடி மேசைக்கு அடியில் உருண்டது. கோகிலா இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடிப்போய் எரிவாயுவை அடைத்தேன். திரும்பியபோது வாசலில் சவரிமுத்து சார், தோளில் பையோடு. பேருந்திலிருந்து நேராக வந்திருக்கிறார். பையைப் போட்டார், கோகிலாவைத் தூக்கி நிறுத்தினார், கழுவுதொட்டிக்கு இழுத்துப் போனார்.

அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். கவிதா டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும். தலையை இடது பக்கமாகச் சாய்த்தார், அடிபட்ட கண் கீழே இருக்கும்படி. இல்லையென்றால் அதிலிருந்து ஓடும் அமிலம் நல்ல கண்ணுக்குள் போய்விடும். குழாயில் ஒரு ரப்பர் குழலை மாட்டி, தண்ணீரை மெதுவாக, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரி விட்டார். அமிலம் பட்ட கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். அதனால் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் இமைகளை விரித்துப் பிடித்தார். பிடித்த பிடியை விடவேயில்லை.

மாசாணம் அலமாரியிலிருந்து சோடா உப்புக் கரைசலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "சார், ஆசிட்டுக்கு மாத்து இதுதானே?"

"கண்ணுக்கு மாத்துக் கீத்து ஒண்ணும் கெடயாது. தண்ணி, தண்ணி, தண்ணி. யாராச்சும் மணி பாருங்க. கால் மணி நேரத்துக்குக் கொறையக்கூடாது."

"வெந்நியாச்சும் போட்டுக் கொண்டாரவா?"

"அது வர்ற வரைக்கும் இவ கண்ணு காத்திருக்குமா? போய் ஜீப்பு கெடைக்குதான்னு பாருங்க."

உறைபனி விழுந்த காலையில் மேல்தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் கோகிலாவின் உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. ஸ்வெட்டர், தாவணி எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டன. உதடு நீலம் பாரித்தது.

"போதும் சார்... எரிச்சல் நின்னுருச்சு சார்... குளுருது, விட்ருங்க சார்."

"இன்னும் கொஞ்சம் தாயி. உங்கப்பா இந்த வருசம் என்னென்ன போட்டுருக்காரு, சொல்லு."

"பூ... பூண்டு சார்."

"அப்புறம்?"

"கேரட்டு."

"பீன்ஸு போடலியா?"

"போட்டோம் சார்... பனியில கருகிருச்சு சார்."

இப்படியே உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வீட்டு மாட்டின் பெயர் என்று கேட்டுக்கொண்டே போனார். தலைமையாசிரியர் ஓடி வந்து வாசலில் நின்றார். அவர் கண்ணில் பட்டது, நனைந்து நடுங்கும் ஒரு பெண்ணைக் குழாயடியில் அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு ஆசிரியர்.

"என்ன சார் பண்றீங்க? புள்ளைக்கு ஜன்னி கண்டுரும்! விடுங்க சார், ஹாஸ்பிடல் கொண்டுபோலாம்."

சார் திரும்பிப் பார்க்கவில்லை. "மணி ஆகல சார்" என்றார். நேரம் ஆன பிறகுதான் விட்டார். வாசல் ஆணிகளில் தொங்கிய சால்வைகள் எல்லாவற்றையும் பிள்ளைகள் கொண்டுவந்து அவள் மேல் போட்டார்கள். சாருடைய இரண்டு கைகளும் மரத்துப்போய் விரல்கள் மடங்கவில்லை. மஃப்ளரை அவிழ்க்க முடியாமல் நின்றார். நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

கண் பிழைத்தது. கண் மருத்துவர், அந்தத் தண்ணீர்தான் காப்பாற்றியது என்று சொன்னார். கன்னத்தில் மட்டும் ஒரு சின்ன வெளுப்பு நின்றுவிட்டது. ஆனால் குளிரினால் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் கிடந்தாள். மேல்மலைக்குப் போன செய்தியில் அமிலம் இல்லை, கண் இல்லை. வாத்தியார் பனித்தண்ணீரில் பிள்ளையை நிறுத்திவிட்டார் என்பது மட்டும் போயிருந்தது.

அவளுடைய அப்பா நான்கைந்து பேரோடு பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் அறையில் நானும் இருந்தேன்.

"ஏன் சார், தை மாசக் குளுருல பச்சத்தண்ணியில நிறுத்துனா புள்ள உசுரு நிக்குமா?"

"நிறுத்தலேன்னா கண்ணு நிக்காதுங்க" என்றார் சார்.

அந்த மனிதர் கொஞ்ச நேரம் சாருடைய கைகளையே பார்த்தார். விரல் முட்டிகளில் தோல் வெடித்திருந்தது.

"கண்ணு நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு."

"அப்பச் சரி" என்று எழுந்துவிட்டார். கூட வந்தவர்கள்தான் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

அவர் மன்னித்துவிட்டார். தலைமையாசிரியருக்குத்தான் பயம் தெளியவில்லை. அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தின் எல்லாப் பிள்ளைகளும் அவர் தலையில் இருந்தார்கள். இனிமேல் பிள்ளைகள் ஆய்வகத்தில் எதையும் தொடக்கூடாது, ஆசிரியர் செய்து காட்டினால் போதும் என்று உத்தரவு போட்டார். சார் எதிர்க்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒரு பீரியடு மட்டும் குடுங்க சார். இன்னும் குளுரு இருக்கு, பாட்டிலு தானா உறையும். எல்லாப் புள்ளைகளையும் உக்கார வச்சு அது எப்படி உறையுது, ஏன் தெறிச்சுது, எப்படி உருக்கணும்னு காட்டிர்றேன். அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி."

"இன்னும் அந்தப் பாட்டிலா சார்? அந்தப் பேச்சே வேணாம். பேரண்ட்ஸ் காதுல விழுந்தா என்ன ஆகும்?"

"ஒரே ஒரு பீரியடு சார்."

"எக்ஸாம் முடியட்டும், பாக்கலாம்."

தேர்வு முடிந்தது. அந்தப் பிள்ளைகள் போய்விட்டார்கள். கோகிலாவும் போய்விட்டாள். மீதியிருந்த அமிலத்தைக் கொட்டிவிடச் சொல்லி உத்தரவு வந்தது. நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, சோடா உப்புப் போட்டு நுரை அடங்கும்வரை காத்திருந்து, சார்தான் கொட்டினார். அடுத்த வருடத்திலிருந்து ஏற்கெனவே நீர்த்த அமிலத்தையே வாங்கினோம். அது எங்கள் குளிருக்கு உறையாது.

அதன் பிறகும் சார் சில ஆண்டுகள் வேலையில் இருந்தார். மேசைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் தானே செய்வார். பிள்ளைகள் தூரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார்கள். எந்த உப்புக்கு என்ன நிறம், என்ன வீழ்படிவு என்பதை மனப்பாடம் செய்தார்கள். மதிப்பெண் குறையவில்லை, கூடியது. ஒரு நாள் ஆய்வகத்துக்குள் போனபோது ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. கதகதப்பாக இருந்தது. சன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. சார் அவற்றைத் திறப்பதை நிறுத்தியிருந்தார்.

ஓய்வு பெற்று அவர் அய்யம்பாளையத்துக்கு இறங்கிய பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வெளியே கட்டிலில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மஃப்ளர் இல்லாத சாரை அன்றுதான் பார்த்தேன். பேச்சு எங்கெங்கோ போய் அங்கேதான் வந்து நின்றது.

"நான் வெள்ளனே வந்து, யாரும் பாக்குறதுக்கு முன்னால உருக்கி வச்சேன் பாருங்க தம்பி. புள்ளைகளுக்குச் சிரமம் கூடாதுன்னு நெனச்சேன். அவங்க கண்ணு முன்னாலதான் செஞ்சிருக்கணும். ஒருநாள் நான் வரல, அவ்வளவுதான்." பிறகு வெயிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இங்க அது உறையாது. இங்க எதுவுமே உறையாது."

அதற்கடுத்த ஆண்டு அவர் காலமானார். பிறகு வேறு தலைமையாசிரியர் வந்தார், நான் வேதியியலுக்கு மாறினேன், பர்னர்கள் மறுபடி பிள்ளைகள் கைக்கு வந்தன. சால்வை ஆணிகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பீரியடு நடக்கவே இல்லை. உறைகிற பாட்டில் இல்லாதபோது எதைக் காட்டுவது என்று நானும் இருந்துவிட்டேன்.

போன வாரம், நான் குடியிருக்கும் அட்டுவம்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்து செண்பகனூர் போனேன். அங்கே சாலையோரம் கோகிலா கடை வைத்திருக்கிறாள்: மலைப்பூண்டு, காபித்தூள், எண்ணெய். அவள் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். கன்னத்து வெளுப்பு உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நான் விதிகள் எழுதும் கதையைச் சொன்னேன்.

"அந்தத் தண்ணிய மறக்க முடியுமா சார்? இப்பவும் குளுரு வந்தா அதுதான் ஞாபகம் வரும். மாட்டோட பேரு வரைக்கும் கேட்டாரே மனுசன்." சிரித்தாள். பிறகு தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஒண்ணு கேக்கட்டுமா சார்? அது ஏன் சார் வெடிச்சுது?"

எனக்கு முதலில் புரியவில்லை. "உனக்குத் தெரியாதா?"

"யாரும் சொல்லலியே சார். காய்ச்ச விட்டு வந்தா லேப்பு பக்கமே விடல. எல்லாரும் ஆசிட்டு ஆசிட்டுன்னாங்க. நான் எதையோ மாத்தி ஊத்திட்டேன்னுதான் இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன். கை சுத்தம் கை சுத்தம்னு சார் எப்பவும் சொல்வாரு. அவர் பேரக் கெடுத்துட்டமேன்னு இருக்கும்."

கடையில் வேறு யாரும் இல்லை. பலகைமேல் ஒரு தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் வெள்ளையாக உறைந்திருந்தது. அதை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். தண்ணீர் உறையும்போது பெருக்கும். இதுவும் அந்த அமிலமும் தண்ணீருக்கு நேர் எதிர், உருகும்போது பெருத்து இடம் கேட்கும் என்றேன். மணலின் சூட்டில் அடிப்பகுதி முதலில் உருகியது. மேலே உருகாத கட்டி அடைப்பு மாதிரி நின்றது. அதற்கும் மேலே இறுகிய மூடி. இடம் கேட்டது, கிடைக்கவில்லை, தள்ளிக்கொண்டு வந்தது. நீ எதையும் மாற்றி ஊற்றவில்லை. மூடியைத் தளர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

கோகிலா எண்ணெய்ப் பாட்டிலைக் கையில் எடுத்தாள். மூடியை மெல்லத் திருகித் தளர்த்தினாள், மறுபடி மூடினாள், மறுபடி தளர்த்தினாள்.

"இம்புட்டுத்தானா சார்?" என்றாள்.

ஆமாம், இவ்வளவுதான். ஒரு பீரியடுகூட ஆகவில்லை.